பென் டிரைவுக்குக் காட்டிய மரியாதை

நாமகிரிப்பேட்டையில் கல்யாண வீடியோ என்றால் கோகிலவாணிதான். படம் பிடிப்பது, வீட்டுக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது, பாட்டுச் சேர்ப்பது எல்லாம் அவளே. வேலையில் படுசூட்டிகை, மனிதர்களிடம்தான் வாய் எழாது. யார் பென் டிரைவ் கொடுத்தாலும் வாங்கி அப்படியே செருகிவிடுவாள். வைரஸ் இருக்கிறதா என்று அவர்கள் எதிரிலேயே சோதிப்பது, சீர் கொண்டுவந்தவர் முன்னால் தட்டைக் கிளறிப் பார்ப்பது மாதிரி அவளுக்கு.

ஜீவானந்தத்தின் மகள் கல்யாண வீடியோவுக்குப் பாட்டுகளைப் பென் டிரைவில் கொண்டுவந்தவரோ மாப்பிள்ளையின் தாய்மாமன். அவரையா சந்தேகப்படுவது? பாட்டு என்று நினைத்து அவள் திறந்தது பாட்டே இல்லை. சம்பந்தி வீட்டு வைரஸ் என்பதற்காக அது சும்மா இருந்துவிடுமா? கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையையும் பூட்டிவிட்டு, பணம் கேட்டுத் திரையில் மிரட்டியது. நகல் வைத்திருந்த ஹார்ட் டிஸ்கையும் கழற்றாமல் கூடவே மாட்டியிருந்தாள், அதுவும் போயிற்று. கேமரா கார்டுகளை ஏற்கெனவே அழித்தாயிற்று.

வேறு கல்யாணம் என்றால் கையைக் காலைப் பிடித்தாவது சமாளித்திருப்பாள். ஆனால் முந்தின வாரம்தான் ஜீவானந்தம் மாரடைப்பில் போயிருந்தார். மகளைத் தாரை வார்க்கும்போது அவர் கலங்கியதும், பிறகு வெட்கப்பட்டுச் சிரித்ததும் அந்த வீடியோவில்தான் இருந்தன.

வீடியோ போன கதையை அவர் மனைவி சாலம்மாளிடம் கோகிலவாணியே நேரில் போய்ச் சொன்னாள்.

“தப்பு எம்மேலதானுங்க அக்கா. சோதிச்சுப் பாத்துருக்கோணும்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாலம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பிறகு கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். தினமும் வேலை முடிந்ததும் ஹார்ட் டிஸ்க் கழன்று பீரோவுக்குப் போனது. அடுத்த மாதம் ஒரு நாள் சாலம்மாளே அவள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பென் டிரைவ்.

“சொந்தக்காரப் புள்ள ஒண்ணு போன்ல கொஞ்சம் புடிச்சு வெச்சிருந்துச்சாமா. தாரை வாக்கறது இருக்குது. நல்லாத் தெரியற மாதிரி பண்ணிக் குடு சாமி.”

கோகிலவாணி அதைச் செருகினாள். எதையும் திறக்கவில்லை. சாலம்மாளின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் திரையைப் பார்த்துச் சொன்னாள்:

“கோவிச்சுக்காதீங்க அக்கா. மொதல்ல வைரஸ் இருக்குதான்னு பாத்துர்றேன். கொஞ்ச நேரம் ஆகும்.”

சாலம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“நல்லாப் பாரு சாமி. அதுக்குள்ளதான் அவரு இருக்காரு.”