ஜீப்புக்கு ஊற்றிய விளக்கெண்ணெய்

அறுபதுகளின் பிற்பகுதியில் நாங்கள் கொல்லிமலையில், வாசலூர்பட்டியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் மிளகும் பலாப்பழமும் வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்பவர். அதற்காகப் பட்டாளத்து ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்து வைத்திருந்தார். மலைக்கு ரோடு வந்து அதிக நாளாகவில்லை. வளைவுக்கு வளைவு உறுமிக்கொண்டு ஏறும்போது இன்ஜின் ஆயில் சூடேறித் தண்ணீராக இளகிவிடும். நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஏற வேண்டும்.

ஒருநாள் சேலத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து, உடைத்த லாரியில் கழற்றிய ஆயில் கூலர் ஒன்றை வாங்கி வந்தார். பார்க்கச் சின்ன ரேடியேட்டர் போல இருந்தது. சூடான ஆயில் ஒரு ரப்பர் குழாய் வழியாக அதற்குள் போய், காற்றில் ஆறி, இன்னொரு குழாய் வழியாக இன்ஜினுக்கே திரும்பும் என்றார். வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார். எனக்கு அப்போது எட்டாம் மாதம். குனிய முடியாது, முக்காலி போட்டு உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். ரேடியேட்டருக்கு முன்னால் இரும்புப் பட்டை வைத்து அதை முடுக்கினார். குழாய் மாட்டிய ஒரு இடத்தில் மட்டும் கிளிப் பிடிக்கவில்லை. அங்கே கட்டுக்கம்பியைச் சுற்றி இறுக்கினார். மலையேறிப் பார்த்ததில் வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அன்று முழுக்க அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து, நாள் வருமுன்பே ஒரு காலையில் எனக்கு வலி கண்டுவிட்டது. ஊர் மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "கொழந்தை குறுக்கால கெடக்குதுங்க. இங்க ஆகாது. கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க" என்றார்.

ஜீப்பின் பின்பக்கம் மெத்தையை விரித்து என்னைப் படுக்க வைத்துக் கிளம்பினார். பாதி மலை இறங்கியிருப்போம். கருகல் வாடை வந்தது. ஆயில் அழுத்தம் காட்டும் முள் சரிவதைப் பார்த்து அவர் சட்டென்று இன்ஜினை அணைத்தார். இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் கறுப்புக் கோடு. அன்று சுற்றிய கட்டுக்கம்பி ரப்பர் குழாயை அறுத்துவிட்டது. சொட்டு ஆயில் மிச்சமில்லை.

"ஏனுங்க, உருட்டிக்கிட்டே போயிரலாமுங்களா?" என்றேன்.

"இன்ஜின் பிடி இல்லாம இந்த வளைவுல பிரேக் தாங்காது" என்றார். அந்த ரோட்டில் அப்போதெல்லாம் இன்னொரு வண்டியைப் பார்ப்பதே அபூர்வம்.

அறுந்த குழாயைக் கழற்றி எறிந்தார். நல்ல குழாயை வளைத்து, கூலர் இல்லாமலே இன்ஜினின் இரண்டு முனைகளையும் இணைத்தார். ஆனால் ஆயிலுக்கு எங்கே போவது?

அந்த நேரத்தில் தலையில் டின்னுடன் ஒரு அம்மா இறங்கி வந்தார். என் முனகல் கேட்டு நின்று, டின்னை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"டின்ல என்னங்க அக்கா?" என்று இவர் கேட்டார்.

"வெளக்கெண்ணெய், தம்பி. சந்தைக்குக் கொண்டுபோறேன்."

அவசரத்துக்கு விளக்கெண்ணெய் ஊற்றியும் இன்ஜினை ஓட்டலாம் என்று ஒரு பட்டாளத்து மெக்கானிக் எப்போதோ சொன்னது இவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. "அதை எனக்குக் குடுப்பீங்களா?" என்று தயங்கியபடி கேட்டார். எதற்கென்று சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா மூடியைத் திறந்துவிட்டார். இருவரும் தூக்கி ஊற்றினார்கள். டின் காலியாகும்போதுதான் அந்த அம்மா கேட்டார், "ஏந்தம்பி, வண்டி இதைக் குடிக்குமா?"

குடித்தது. வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு இன்ஜின் கிளம்பியது. அந்த அம்மா வழிவிட்டு நிற்கவில்லை. "நானும் வாரேன். புள்ள ஒண்டியா எப்படிப் படுத்திருக்கும்?" என்று ஏறி, என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் உருண்டுவிடாதபடி பக்கத் தகட்டில் காலை ஊன்றிக்கொண்டார். "மூச்சை விடு கண்ணு, இன்னும் ஒரே வளைவுதான்" என்றார். அடுத்த வளைவிலும் அதையேதான் சொன்னார். அடிவாரம் வரைக்கும் அந்த ஒரே வளைவு முடியவே இல்லை. வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பையனை எடுத்தார்கள். இரண்டு உயிரும் தப்பின. குழந்தை அழுத சத்தம் கேட்கும் வரை அந்த அம்மா வெளியே உட்கார்ந்திருந்தாராம். பிறகு காலி டின்னை எடுத்துக்கொண்டு, மலைமேல் திருப்புலி நாட்டுக்காரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் தேறி வீடு திரும்பியதும் இவர் ஒரு டின் விளக்கெண்ணெய் வாங்கிக்கொண்டு சந்தை சந்தையாகத் தேடினார். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். டின்னை நீட்டினால் அந்த அம்மா அதைப் பார்க்கவே இல்லையாம். "கொழந்தை பால் குடிக்குதா?" என்றுதான் முதலில் கேட்டாராம்.

இன்று யாராவது என்னிடம் உதவி என்று வந்து நின்றால், எதற்கு, ஏன் என்று கேட்க நாக்கு எழுகிறது. மூடியைத் திறந்த பிறகு கேள்வி கேட்ட அந்த அம்மாவை நினைத்ததும், கை முந்திக்கொள்கிறது.