அறைந்ததைச் சொன்னேன்

என் கணவர் பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். ஒரு மத்தியானம் நான் ஊட்டிய கஞ்சியைத் துப்பினார். கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவர் அழவில்லை, மறுபடி வாயைத் திறந்தார், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் இறந்துபோனார். அடக்கத்தன்று எனக்குக் கண்ணீர் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

எங்கள் ஊர் ஆண்டிமடத்தில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால், பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்ய அரியலூர் கோயிலுக்கு பஸ் ஏறினேன்.

“மூணு வருசமா படுக்கையில கெடந்த எம்புருசன அடிச்சிட்டேன் சாமி. அவரு போய்ச் சேந்தும் வருத்தங்கூட வரமாட்டேங்குது,” என்றேன்.

எங்களுக்கு நடுவே இருந்த மறைப்புத் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பாதிரியார் கேட்டார். “மூணு வருசமும் ஒத்த ஆளாவா பாத்தீங்க?”

“ஆமாங்க.”

“செஞ்சது தப்புதாம்மா. ஆனா நீங்க எவ்ளோ களைச்சுப் போயிருந்தீங்கன்னு ஆண்டவருக்குத் தெரியும். மன்னிச்சிட்டாரு.”

பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார். பாதியில் எனக்கு வார்த்தை நின்றுபோனது. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்துவிட்டு, மீதியை எனக்காகச் சொல்லி முடித்தார்.

வெளியே வந்தபோதும் மனசு மரத்துத்தான் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். ஆண்டிமடத்தில் கண்டக்டர்தான் எழுப்பி இறக்கிவிட்டார்.