கை என்னுது, பூரி அண்ணாச்சியுது

இன்று பள்ளிக்கூடம் போகும் வழியில், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன்.

இந்த மாதம் சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொண்டால் மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் முதலில் ஒரு கிண்ணம் சுண்டல், பிறகுதான் கம்பு தோசை.

எதிரே தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி. பார்த்தால் சிரித்துக்கொள்கிற அளவுக்குப் பழக்கம். என் கையில் ஒட்டியிருந்த வில்லையையே பார்த்தார்.

"என்ன டீச்சர் அது?"

"சுகர் பாக்குதது அண்ணாச்சி. எவ்வளவு ஏறுதுன்னு போன்ல காட்டும்."

"எனக்கும் சுகர்தான்" என்றவர், என் போனைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

முதல் தோசை முடிந்தது. நூற்றுப் பதினெட்டு.

"ஏறலையே!" என்று சப்ளையரைக் கூப்பிட்டார். "ஏலே, எனக்கு ஒரு செட்டு பூரி வையி."

இரண்டாவது தோசை. நூற்று இருபத்தாறு.

"அப்பவும் ஏறலை பாத்தீங்களா! ஏலே, ஒரு கேசரியும் கொண்டா."

பொறுக்க முடியவில்லை. "அண்ணாச்சி, அது என் சுகரு. பூரி சாப்பிடுதது நீங்க."

"இருக்கட்டும் டீச்சர். ஒரே மேசைதான!"

கை கழுவிவிட்டு வந்து மனதாரச் சொன்னார்: "நாளைக்கும் கம்பு தோசையே சாப்பிடுங்க. எனக்கு நல்லா ஒத்துக்கிடுது."

நாளைக்கு எனக்கு நெய்ப்பொங்கல் மேல் ஆசை வந்துவிட்டால், மாத்திரை போட வேண்டியது நானா, அவரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.