ஜமீன்தாரின் கோட்டு

ஜமீன் ஒழிந்த பிறகும் ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் ஜமீன்தார் ராஜாதான். அவருடைய உடுப்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அவர் இறந்தபோது மூத்த மகன் என்னைக் கூப்பிட்டார்.

"பாடைக்கு முன்னாடி நைனாவோட குதிர வெறும் முதுகோட போவக்கூடாது. நைனா கோட்ட நீ போட்டுக்கினு ஏறு. உனக்கும் அவரு ஒடம்புதான்."

கோட்டில் புகையிலை வாசம் இன்னும் இருந்தது. தெருவில் ஜனங்கள் பாடையை விட்டுவிட்டு என்னைக் கும்பிட்டார்கள். ஒரு பெண் என் காலைப் பிடித்து, "எஜமானே, எங்கள உட்டுட்டுப் பூட்டீங்களே" என்று அழுதாள். நான் அவர் இல்லை என்று சொல்லப் பார்த்தேன், அதற்குள் குதிரை நகர்ந்துவிட்டது.

ஆற்று மணலில் கோட்டைக் கழற்றிச் சிதையில் போட்டார்கள். அது எரிந்தபோது என் முதுகு சுட்டது. அதற்குப் பிறகு ஜமீன்தாரம்மா என்னை மாளிகைக்குள் விடவேயில்லை. பார்த்தால் பயமாக இருக்கிறதாம். எனக்கும் வெகுநாள் கண்ணாடி முன்னால் நிற்கத் துணிவு வரவில்லை.