தங்கை நிறுத்திய இடங்களில்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது என் வீட்டில், நடந்தது எனக்கு. முற்பிறவி, ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகச் சிரிக்கிற ஆள் நான். அப்படிச் சிரிக்கப் போன இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

என் தங்கைக்கு மூடிய கதவு என்றால் பயம். குளியலறைக் கதவைக்கூடத் தாழ் போட மாட்டாள். வாளியை முட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளே ஆள் இருப்பது தெரிய உரக்கப் பாடுவாள். நாங்கள் கேலி செய்வோம். போன வருடம் அவளுக்கு இரண்டு மாதமாக ஓயாத தலைவலி. ஸ்கேன் பண்ணாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஸ்கேன் மெஷின் குழாய்க்குள் பாதி போனதும் அலறிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இரண்டு முறை. தலைக்குள் என்ன வளர்கிறதோ என்று எனக்குத் தூக்கமே போயிற்று.

அவள் கணவர் அவளை ஒரு ஹிப்னாடிஸ்டிடம் கூட்டிப் போனார். முற்பிறவிக்கு அழைத்துப் போய்ப் பயத்தை வேரோடு பிடுங்குவாராம். போன பிறவியில் இவளை யாரோ அறையில் பூட்டிவைத்துச் சாகடித்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்தாராம். பயம் போனதா? காரில் கண்ணாடியை ஏற்றினாலே நடுங்க ஆரம்பித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ளை, மயக்கத்துல இருக்கிறவகிட்ட 'கதவு தெரியுதா'ன்னு கேட்டா, தெரியுதுன்னுதான் சொல்லுவா. கதவை அவ தலைக்குள்ள வெச்சதே அந்த ஆளுதான்."

"நீங்களே வந்து பாருங்க மச்சான்."

போனேன். என் திட்டம் சுலபம். மயங்கியது போல் நடித்து, போன பிறவியில் குதிரை வியாபாரியாக இருந்தேன் என்று வாய்க்கு வந்ததை அளப்பது. அவர் தலையாட்டியதும் எழுந்து, தங்கை முன்னால் அவர் மானத்தை வாங்குவது.

சனிக்கிழமை, மாலை 4:10. சாய்வு நாற்காலி, ரிக்கார்டர், எதிரே கடிகாரம். தங்கையும் மாப்பிள்ளையும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணை மூடினேன். அவர் கேட்கக் கேட்கக் குதிரைக் கதையை அவிழ்த்துவிட்டேன். ஐந்து நிமிடம்தான் இருக்கும். சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தேன்.

"குதிரையும் இல்ல, கழுதையும் இல்ல. எல்லாம் புளுகு!"

யாரும் சிரிக்கவில்லை.

"எந்தக் குதிரை?" என்றார் ஹிப்னாடிஸ்ட். அவர் முகம் வெளுத்திருந்தது.

கடிகாரத்தில் 5:02.

தங்கை சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நீதானாடா?"

பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை அண்ணா என்றே கூப்பிட்டவள். ஒருநாளும் 'டா' போட்டதில்லை.

திங்கட்கிழமை அவளாகவே ஸ்கேனுக்குப் போனாள். முப்பத்தைந்து நிமிடம் அசையாமல் படுத்திருந்தாளாம். தலையில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. சந்தோஷம் தாங்காமல் அவள் வீட்டுக்கு ஓடினேன். மாப்பிள்ளை வாசலிலேயே மறித்தார்.

"உள்ள வராதீங்க மச்சான். உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கிட்டா."

தாழ் போட்டுக்கொண்டாள்... என் தங்கை.

ஹிப்னாடிஸ்டிடம் சண்டை போட்டு இரண்டு பதிவுகளையும் வாங்கி வந்தேன். எனக்கு டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு வேலை. அங்கேயே உட்கார்ந்தேன். பட்டப்பகல், 11:20. முதலில் என்னுடையதைப் போட்டேன். குதிரையே இல்லை. என் குரல்தான்... ஆனால் மழலை. ஒரு வரி பேசுகிறேன். நிறுத்துகிறேன். மறுபடி ஒரு வரி. இடையில் ஹிப்னாடிஸ்ட் எதுவுமே கேட்கவில்லை.

அடுத்து தங்கையுடையது. என் பதிவுக்கு ஒன்பது நாள் முன்பு பதிவானது. அவளும் அப்படித்தான். ஒரு வரி. நிறுத்தம். ஒரு வரி.

வெவ்வேறு நாளில் பேசியவர்களைச் சேர்த்துவைப்பது என் அன்றாட வேலை. கை தானாகவே இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தது.

அவள் நிறுத்திய இடங்களில் என் வரிகள். ஒரு நொடிகூடப் பிசகவில்லை.

"தம்பி, கதவைத் தெறடா."

"மாட்டேன்க்கா."

அவளுக்குத் தம்பி கிடையாது. எனக்கு அக்கா கிடையாது.

"தொண்டை காயுதுடா... தண்ணி குடு."

"அம்மா குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க."

"தம்பி..."

நான் சிரிக்கிறேன்.

பிறகு அவள் பக்கம் சத்தமே இல்லை.

அன்று மாலையே அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"உனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஏழு வயசு, உனக்கு நாலு. தொத்துக் காய்ச்சல். உனக்கும் ஒட்டிக்கும்னு வெளித்தாழ் போட்டுட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தப்போ..."

தங்கை பிறந்தது அதற்கு அடுத்த வருடம். அப்படி ஒருத்தி இருந்தாள் என்று எங்கள் இருவரிடமும் யாரும் மூச்சு விட்டதில்லை. எனக்கும் எதுவும் ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை.

"தண்ணி குடுக்கக் கூடாதுன்னு ஏம்மா சொன்ன?"

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நான் எங்கடா சொன்னேன்? ஜன்னல் வழியா அக்காவுக்குக் குடுன்னு சொல்லி, சொம்பு நிறையத் தண்ணிய உன் கையிலதானே குடுத்துட்டுப் போனேன்? வந்து பாத்தப்போ சொம்பு காலியா இருந்துச்சு. அவ சாகறப்போ தாகமில்லாமத்தான் போயிருக்கான்னு... இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்டா."