சித்தியின் குப்பி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருநெல்வேலி டவுணில் எங்கள் வீட்டில் ரசாயனம் படித்தவள் சித்தி ஒருத்திதான். அம்மாவின் தங்கை, பி.எஸ்சி. கடைசி வருஷம். மேலே படிக்க வேண்டும் என்று அவளும், ஏரல் மாப்பிள்ளையை முடித்துவிடலாம் என்று தாத்தாவும் மாசக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள்.

ஒருநாள் கல்லூரியிலிருந்து ஒரு சின்னக் குப்பி கொண்டுவந்தாள். உள்ளே கண்ணாடிச் செதில்போல வெள்ளைப் படிகங்கள். பாராடைகுளோரோபென்சீன். பென்சீனில் இரும்புத்தூள் போட்டு, குளோரின் வாயுவைச் செலுத்தி, குளிரவைத்து, எண்ணெயாக நின்றதை வடித்துவிட்டுப் படிந்ததை எடுத்தாளாம். பட்டுச்சேலைப் பெட்டியின் பாச்சை உருண்டை வாசம் அதற்கு.

"தொடாத ட்டி. தாத்தா திருச்செந்தூர்லேருந்து வந்ததும் காட்டணும். என் கையால செஞ்சதாக்கும்."

எனக்கு ஏழு வயது. மறுநாளே மச்சு ஜன்னலில் ஒரு தாளை விரித்து, குப்பியைக் கவிழ்த்து, வெயிலில் மின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். போனவள் மறந்துவிட்டேன். நாலைந்து நாள் கழித்து ஓடிப்போய்ப் பார்த்தால் வெறும் தாள்தான் கிடந்தது. காக்கா தின்றுவிட்டது என்றே நினைத்தேன். அடுக்களையில் கல்லுப்பை எடுத்துத் தட்டி, குப்பியில் நிரப்பி, மூடியை இறுக்கி வைத்தேன்.

தாத்தா வந்தார். அவர் காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, சித்தி குப்பியை நீட்டினாள்.

"நானே செஞ்சேன்ப்பா. வெளிய வச்சா உருகாமலே காத்தோட போயிரும்."

தாத்தாவுக்குப் பலசரக்குக் கடை. உள்ளங்கையில் கொட்டி, விரலால் நசுக்கிப் பார்த்தார். "வாயில வைக்காதீங்கப்பா!" என்று சித்தி பதறுவதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

"கல்லுப்புல்லா இது! உப்புக் காய்ச்சவா ட்டி மூணு வருஷம் காலேஜுக்குப் போன?"

வீடே சிரித்தது. சித்தி மட்டும் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

"குப்பி மாறிப்போச்சுப்பா" என்றாள், பைய.

ஆவணியில் கல்யாணமாகி ஏரலுக்குப் போய்விட்டாள். சில பொருள்கள் உருகாமலே ஆவியாகும் என்று பள்ளிக்கூடத்தில் நான் படித்தபோது அவளுக்கு இரண்டு குழந்தைகள். எத்தனையோ முறை ஏரலுக்குப் போயும் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

என்னைக் கைகாட்டியிருந்தால் எனக்கு நாலு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான். தாத்தாவின் சிரிப்பு நின்றிருக்கும். அவளுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அடி விழவில்லை என்பது ஒன்றுதான். அந்த நிம்மதியில் எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.