தாய்மாமன் லண்டன் பார்த்த நாள்

லண்டன் பார்த்துவிட்டு வந்தவன் என்று பதுளை பஜாரில் எனக்கு இப்போது கொஞ்சம் மதிப்பு உண்டு. "எப்படிங்க அந்த ஊரு?" என்று கேட்பவர்களிடம், ஆறு பெரிது, பஸ்ஸுக்கு மாடி உண்டு, வெயில் நம்ம வெயிலைவிட மெலிசு என்று சொல்லிவைப்பேன். அத்தனையையும் ஒரே நாளில் தனியாகவே பார்த்து முடித்தேன் என்றும் சேர்த்துக்கொள்வேன். ஏன் தனியாக என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. புத்திசாலிகள்.

என் ஒரே தங்கை அங்கே இருக்கிறாள். மச்சான் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு உத்தியோகம் பார்க்க வந்த இடத்தில் அவளைக் கண்டு, கட்டி, பிறகு கடல் கடந்து கூட்டிப் போனவர். நாங்கள் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்; பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கூலி வேலைக்கு வந்த சனம். அம்மா கொழுந்தெடுத்தும் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியும் எங்கள் இருவரையும் லயத்து அறையிலிருந்தே படிக்கவைத்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே படித்துவிட்டேன். அதனால் எதுவும் எனக்கு மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் புரியும்.

என் மருமகளை, அதாவது தங்கை மகளை, பேசிமுடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்பது நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பையனும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். இருவரும் கூடப் படித்தவர்கள், விரும்பியவர்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவது மட்டும்தான் பாக்கி. எங்கள் தோட்டங்களில் தாய்மாமன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினால்தான் அந்தப் பேச்சே தொடங்கும். அவன் குடித்துவிட்டு எங்காவது கிடந்தாலும், முகத்தில் தண்ணீர் அடித்துத் தூக்கி வந்து உட்காரவைத்துவிடுவார்கள். நான் குடிக்காத தாய்மாமன். தூக்குகிற சிரமம்கூட யாருக்கும் இல்லை. ஆகவே அவர்கள் வருகிற சனிக்கிழமை காலை, பதுளையில் வாங்கிப்போன கரைவேட்டியைக் கட்டி, விபூதி பூசி, சோபாவின் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தேன்.

தங்கை குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே இது?"

"தாய்மாமன் வேணும்ல."

அவள் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"வந்ததுலருந்து வீட்டுக்குள்ளயே கெடக்கீங்க. இன்னைக்கு நல்லா வெயில் அடிக்குது. சிட்டிய சுத்திப் பாத்துட்டு வாங்களேன்."

"இன்னைக்கா?"

"இங்க ஒரே கூட்டமா இருக்கும்ணே. ஒங்களுக்குப் போரடிக்கும். இருட்டுனதுக்குப் பொறகு வந்தாப் போதும்."

மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தடித்த ஜாக்கெட்டையும், பஸ் ரயில் எல்லாவற்றுக்கும் செல்லுபடியாகும் அட்டை ஒன்றையும் நீட்டினார். "குளிரும். சொக்ஸ் போட்டுக்கொண்டு போங்கோ" என்றார். நல்ல மனுஷர். வேட்டியை அவிழ்த்துக் காற்சட்டைக்குள் புகும்போதுகூட, என்மேல் உள்ள அக்கறையில்தான் இந்த ஏற்பாடு என்று நம்பினேன். சொன்னேனே, படித்தவன்.

மாடி பஸ்ஸில் முன் இருக்கை கிடைத்தது. பதுளை டவுனை, ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் சுற்றிவிடலாம். இங்கே பஸ்ஸை விட்டு இறங்கவே பயமாக இருந்தது. எப்படியோ இறங்கி ஆற்றுப் பாலத்தில் நின்றேன். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் போனை என்னிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். என்னிடம் என்ன கண்டார்களோ, வரிசையாக வந்தார்கள். எல்லாரையும் நெருங்கி நிற்கச் சொல்லி எடுத்துக் கொடுத்தேன். பிறகு ஒரு நூதனசாலை. ஊர் ஊராகக் கொண்டுவந்த சாமான்களைக் கண்ணாடிக்குள் வைத்து, எது எந்த ஊர் என்று கீழே எழுதியிருந்தார்கள். அங்கே எந்தச் சாமானும் தன் ஊரை மறைக்கவில்லை. அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகப் படவில்லை.

பசித்தது. ஏறிய பஸ் எங்கெங்கோ போய், தமிழில் பெயர் எழுதிய ஒரு சாப்பாட்டுக் கடையைக் காட்டியது. இறங்கி ரோல்ஸும் பிளேன்டீயும் கேட்டேன்.

"எவ்விடம், அண்ணை?" என்றார் கடைக்காரர்.

"பதுளைங்க."

"உங்கட தமிழைக் கேட்க இந்தியா மாதிரிக் கிடக்கு. பதுளை எண்டால் டவுனோ, தோட்டமோ?"

"தோட்டந்தாங்க."

"ஓ" என்றார். பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே, "பாவங்கள், அந்தச் சனம்" என்றார், நான் அந்தச் சனத்தில் சேராதவன் மாதிரி. கேட்காமலே இன்னொரு ரோல்ஸ் வைத்தார்.

அதைக் கடிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. இதே கேள்வியைத்தான் இந்த நேரத்தில் என் தங்கை வீட்டிலும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "பதுளை டவுன்" என்று அவள் சொல்லியிருப்பாள். டவுனில் யாழ்ப்பாணத்து டாக்டர்கள், வாத்தியார்கள், கிளாக்கர்மார் எல்லாரும் உண்டு. அதற்குமேல் யாரும் தோண்ட மாட்டார்கள். வருஷக்கணக்கில் பழகிய மச்சானுடைய தமிழில் அவள் சரளமாகக் கதைப்பாள். எனக்கு இரண்டு வாக்கியம் பேசினால் மூன்று 'ங்க' விழுந்துவிடும். சோபாவின் நடுவில் காலையில் உட்கார்ந்திருந்தது தாய்மாமன் இல்லை, தோட்டத்துக்குச் சாட்சி.

இரண்டாவது ரோல்ஸையும் தின்றேன். ரோஷத்தில் வைத்துவிட்டு எழும் வயது தாண்டிவிட்டது.

இருட்டிய பிறகு திரும்பினேன். கதவைத் திறந்த மருமகள், "எல்லாம் சரிவந்திட்டுது, மாமா" என்று கட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். அவளிடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை. குசினிக்குப் போனேன். தங்கை கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னையக் கேட்டாங்களா?"

"தாய்மாமன் எங்கன்னுதான் மொதல்ல கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். "விசா கெடைக்கலன்னு சொன்னேன்."

மச்சானின் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்தேன்.

"புள்ளைக்குப் புடிச்ச எடம்ணே. ஒரு வார்த்தையில கெட்டுறக் கூடாது."

"வெத்தல யாரு குடுத்தா?"

"அவரோட கூட்டாளி ஒருத்தரு."

"கல்யாணம் எப்ப?"

"தை மாசம்."

"அதுக்காச்சும் எனக்கு விசா கெடைக்குமா?"

கழுவிய கோப்பையை எடுத்து மறுபடியும் கழுவினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஒருக்கா இல்லன்னுட்டா, மறுக்கா கெடைக்கிறது கஷ்டம்ணே."

முன்னறையில் மச்சான் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.